பட்டி ஹாலியின் பாடல்களை நல்ல ஒலியில் கேட்க: எந்த மறுவெளியீட்டை வாங்குவது?

1959 பிப்ரவரி 3 அன்று அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் அருகே நடந்த விமான விபத்தில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலி இறந்தபோது அவருக்கு வயது 22. ஸ்டூடியோக்களில் அவர் பாடிய காலம் மூன்று ஆண்டுகளைக்கூட எட்டவில்லை. ஆனால் அந்தச் சிறு காலத்துப் பாடல்கள் எத்தனை தட்டுகளாக, எத்தனை தொகுப்புகளாக வந்திருக்கின்றன என்று எண்ணி முடியாது. ஒரே பாடல் ஒரு தட்டில் உயிரோடு ஒலிக்கிறது; இன்னொன்றில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிக் கிடக்கிறது. ஆகையால் வாங்குவதற்கு முன், அட்டைப்படத்தையும் பாடல் எண்ணிக்கையையும் விட்டுவிட்டு இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தட்டு எந்த டேப்பிலிருந்து எடுக்கப்பட்டது? அந்த டேப்பின்மீது பிறகு யாருடைய கை பட்டது?

முதலில் டேப்புகளின் பிறப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. 1956-இல் ஹாலி டெக்கா நிறுவனத்துக்காக நாஷ்வில்லில், ஓவன் பிராட்லியின் ஸ்டூடியோவில் பாடினார். 1957 முதல் அவருடைய புகழ்பெற்ற பாடல்களில் பெரும்பாலானவை நியூ மெக்சிகோ மாநிலத்தின் கிளோவிஸ் என்ற சிற்றூரில் நார்மன் பெட்டி நடத்திவந்த ஸ்டூடியோவில் பதிவாயின. பெட்டி மணிக்கணக்குப் பார்த்துக் கட்டணம் வாங்காமல் பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கியதால், இளைஞர்கள் இரவெல்லாம் விழித்திருந்து ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்க முடிந்தது. அங்கே பதிவானது மோனோவில், அதாவது எல்லா ஒலியும் ஒரே தடத்தில். ஒரு குரலின்மேல் இன்னொரு குரலைச் சேர்க்க வேண்டுமானால், முதலில் பதிவான டேப்பை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து பாடுவதை இன்னொரு டேப்பில் பதிவுசெய்வார்கள். 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' பாடலில் ஹாலியே இரண்டு குரலில் பாடுவது இவ்வாறு உருவானதுதான். இப்படி ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் டேப்பின் இரைச்சல் சற்றுக் கூடும், ஒலியின் கூர்மை சற்றுக் குறையும். எனவே அந்தப் பாடலில் கேட்கும் மெல்லிய 'உஸ்' சத்தம் மறுவெளியீட்டின் குறையன்று, பிறவியிலேயே வந்தது. இரைச்சலே இல்லாத 'வேர்ட்ஸ் ஆஃப் லவ்' உங்கள் கைக்கு வந்தால், இரைச்சலோடு சேர்த்து வேறு எதையெல்லாம் துடைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

1958 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கின் பித்தியன் டெம்பிள் கட்டடத்தில், டிக் ஜேக்கப்ஸ் நடத்திய வாத்தியக் குழுவுடன் ஹாலி பாடிய நான்கு பாடல்களின் நிலை வேறு. 'ட்ரூ லவ் வேஸ்', 'இட் டசின்ட் மேட்டர் எனிமோர்' ஆகியவை உள்ளிட்ட அந்த நான்கும் உண்மையான ஸ்டீரியோவில், அதாவது இடது வலது என வெவ்வேறாக ஒலிக்கும்படி பதிவானவை. அவற்றை ஸ்டீரியோவிலேயே கேட்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் கிளோவிஸ் பாடல்களை 'ஸ்டீரியோ' என்று அச்சிட்டு விற்றால், அது பிற்காலத்தில் செயற்கையாகப் பிரித்தது என்று தயங்காமல் முடிவுசெய்யலாம்.

ஒரு தட்டைச் சோதிக்க நான் எப்போதும் மூன்று பாடல்களையே எடுத்துக்கொள்கிறேன். முதலாவது 'எவ்ரிடே'. அதில் டிரம் கிடையாது. ஹாலியின் குழுவில் டிரம் வாசித்த ஜெர்ரி ஆலிசன் தம் தொடையில் கையால் தட்டித் தாளம் போடுகிறார். அந்தத் தட்டல் துணியும் சதையும் சேர்ந்த மனிதச் சத்தமாகக் கேட்க வேண்டும். கடிகார முள்ளின் 'டிக்' போலக் கேட்டால் மேல் ஸ்தாயியை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதே பாடலில் நார்மன் பெட்டியின் மனைவி வை என்பவர் சிலெஸ்டா என்ற விசைப்பலகை வாத்தியத்தை வாசிக்கிறார். மணி போன்ற அந்த ஒலி ஒவ்வொரு சுரத்திலும் தானாகத் தேய்ந்து மறைய வேண்டும். பாதியிலேயே வெட்டுப்பட்டதுபோல் அடங்கினால், இரைச்சல் நீக்கும் மென்பொருள் அதன் வாலை நறுக்கிவிட்டது. தட்டு நல்லதா இல்லையா என்று இந்த ஒரு பாடலை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

இரண்டாவது 'பெக்கி சூ'. அதில் ஆலிசனின் டிரம் ஒலி அருகில் வருவதும் விலகுவதுமாக அலையடிக்கும். பாடல் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே பெட்டி அதன் எதிரொலியைக் கூட்டியும் குறைத்தும் செய்த வேலை அது. ஒலியளவை முழுக்க நெருக்கி, எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் தரும் ரீமாஸ்டர்களில் (பழைய டேப்பை மீண்டும் சீர்செய்த பதிப்புகளில்) இந்த அலை தட்டையாகிவிடும். மூன்றாவது 'ட்ரூ லவ் வேஸ்'. சில வெளியீடுகளில் பாட்டு தொடங்குவதற்கு முந்தைய சில நொடிகளையும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஸ்டூடியோவில் பேச்சு, பியானோவில் ஒரு சுரம், பதிவு ஓடுகிறது என்று ஒரு குரல், பிறகு ஹாலி தொண்டையைச் செருமி மூச்சை இழுப்பது. அந்த மூச்சு உங்கள் அறையில் ஒருவர் விட்டதுபோல் இருந்தால், அந்தத் தட்டை நம்பலாம்.

போலி ஸ்டீரியோவைக் கண்டுபிடிப்பது எளிது. 1960-களில் ஸ்டீரியோவுக்குக் கிராக்கி வந்தபோது, ஹாலியின் தட்டுகளை வெளியிட்ட கோரல் நிறுவனம் மோனோப் பதிவுகளை மின்னணு முறையில் மாற்றி வெளியிட்டது. 'த பட்டி ஹாலி ஸ்டோரி' என்ற தொகுப்பின் மோனோ எல்பிக்கு (வினைல் தட்டுக்கு) 57279 என்றும், மாற்றப்பட்ட எல்பிக்கு 757279 என்றும் எண் இருக்கும். பழைய தட்டு வாங்குபவர்கள் முன்னால் நிற்கும் அந்த 7 என்ற எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிடியாகவோ கணினிக் கோப்பாகவோ இருந்தால் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் திறந்து, இடது வலது தடங்களைத் தனித்தனி மோனோவாகப் பிரித்து, ஒன்றை மட்டும் தலைகீழாக்கி, இரண்டையும் கலந்து பாருங்கள். மோனோவாகவே விடப்பட்ட பாடலில் ஏறக்குறைய அமைதியே மிஞ்சும். செயற்கை ஸ்டீரியோவில் தகரம் போன்ற ஓர் ஒலி எஞ்சி நிற்கும். அதே திரையில் அலைவடிவத்தையும் கவனியுங்கள். உச்சிகள் எல்லாம் கத்தரித்த வேலிபோல் ஒரே மட்டத்தில் இருந்தால், அதை வாங்காமல் விடுவதே நல்லது.

அடுத்தது, எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். 1958 இறுதியிலும் 1959 ஜனவரியிலும் ஹாலி நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலிருந்த தம் வீட்டில், ஓர் ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டரின் முன் தனியே கிட்டார் வாசித்துப் புதுப் பாடல்களைப் பாடி வைத்தார். அவர் இறந்த பிறகு ஜாக் ஹேன்சன் நியூயார்க்கில் அவற்றின்மேல் பின்னணிக் குரல்களையும் வாத்தியங்களையும் சேர்த்தார். பின்னர் பெட்டியும் ஃபயர்பால்ஸ் குழுவை வைத்து வேறொரு வடிவம் செய்தார். 'க்ரையிங், வெயிட்டிங், ஹோப்பிங்' போன்றவற்றைப் பல பத்தாண்டுகளாக உலகம் கேட்டது இந்தப் பூச்சுகளோடுதான். பூச்சு வேலை செய்தவர்கள் திறமைசாலிகளே, எண்ணமும் கெட்டதன்று. ஆனால் ஒவ்வொரு பூச்சுக்கும் டேப்பை மறுபடி படியெடுக்க வேண்டியிருந்ததால், ஹாலியின் குரல் நம்மைவிட்டு ஓர் அறை தள்ளிப் போய்விட்டது. 2018-இல் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைச் சேர்த்து வந்த ஆல்பமும் இந்த வகையே. அவருடைய ஒலியைத் தேடுபவர்களுக்கு அது வேண்டாம். அட்டையில் 'அன்டப்டு' (பூச்சு சேர்க்காதது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி வாங்க வேண்டியவை. ஒரே ஒரு சிடி போதும் என்பவர்களுக்கு, 1985-இல் ஸ்டீவ் ஹாஃப்மன் தயாரிப்பில் எம்சிஏ வெளியிட்ட 'ஃப்ரம் தி ஒரிஜினல் மாஸ்டர் டேப்ஸ்' என்ற 20 பாடல் தொகுப்பையே சொல்வேன். சிடியின் தொடக்ககாலத்தில் வந்தது என்பதால் அதைப் பழையது என்று ஒதுக்க வேண்டாம். மாஸ்டர் டேப்பை, அதாவது மூல டேப்பைத் தேடிப் பிடித்து, ஒலியை நெருக்காமல், இருப்பதை இருந்தபடியே தருகிறது. கிரீன்விச் வில்லேஜ் வீட்டுப் பதிவுகளைப் பூச்சில்லாமல் கேட்க 2009-இல் வந்த 'டவுன் த லைன்' என்ற இரட்டைச் சிடி வேண்டும். அதே 2009-இல் ஹிப்-ஓ செலக்ட் வெளியிட்ட 'நாட் ஃபேட் அவே' என்ற ஆறு சிடிப் பெட்டியில், பூச்சில்லாத வடிவமும் பூசிய வடிவமும் சேர்ந்தே இருப்பதால் ஒப்பிட்டுக் கேட்கலாம். எல்பியாகத்தான் வேண்டும் என்றால், 'த சர்ப்பிங் கிரிக்கெட்ஸ்', 'பட்டி ஹாலி' ஆகிய முதலிரு ஆல்பங்களை மோனோவில் வெளியிட்ட அனலாக் புரொடக்‌ஷன்ஸ் பதிப்புகளைப் பாருங்கள். விலை அதிகம், ஆனால் எந்த டேப்பிலிருந்து வெட்டினோம் என்று சொல்லும் நிறுவனம் அது.

விலை குறைவாகக் கடைகளில் குவிந்திருக்கும் ஐரோப்பிய எல்பிகளைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஐரோப்பாவில் ஒலிப்பதிவின் உரிமைக் காலம் 50 ஆண்டுகளாக இருந்தது. பிறகு அதை 70 ஆக நீட்டினாலும், 1962 வரை வெளியானவற்றுக்கு அந்த நீட்டிப்பு பொருந்தவில்லை. ஹாலி வாழ்ந்த காலத்தில் வந்த தட்டுகள் எல்லாம் இப்படிப் பொதுவுடைமையாகிவிட்டதால், அங்கே மாஸ்டர் டேப் கையில் இல்லாத எவரும் ஒரு சிடியிலிருந்தே எல்பி வெட்டி விற்கலாம். 180 கிராம் என்று பெரிதாக அச்சிட்டிருப்பது தட்டின் எடையைத்தான் சொல்கிறது, ஒலியைப் பற்றி அதில் ஒரு செய்தியும் இல்லை. டேப் பற்றியும் ஒலியைச் சீர்செய்தவர் பற்றியும் அட்டையில் ஒரு வரிகூட இல்லாவிட்டால், அந்தப் பணத்தை 1985 சிடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மோனோ எல்பியை ஒலிக்கவிடும்போது ஆம்ப்ளிஃபயரில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிடுங்கள். மோனோத் தட்டில் இசை முழுவதும் ஊசியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் வருவது தூசியும் கீறலும் மட்டுமே. பொத்தானை அழுத்தியதும் அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். 'எவ்ரிடே'யில் ஆலிசனின் தொடைத்தட்டு இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், ஒரே இடத்தில் வந்து நிற்கும்.