முதல் சம்பளத்தோடு கடன் வரலாறும் தொடங்கட்டும்

வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். நல்ல சம்பளம் வாங்கும் பிள்ளைகளின் வீட்டுக்கடன் விண்ணப்பம், சிபில் பதிவே (வாங்கிய கடனை எப்படிக் கட்டினோம் என்ற வரலாறு) இல்லாததால் தேங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

வேலை கிடைத்ததும், சம்பளக் கணக்குள்ள வங்கியில் 20,000 ரூபாயை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு, அதன் ஈட்டில் கிரெடிட் கார்டு கேளுங்கள். பெட்ரோல், கைபேசிக் கட்டணம் என எப்படியும் செய்யும் செலவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

பில் வந்ததும் முழுத் தொகையையும் கட்டுங்கள். பில்லில் உள்ள 'குறைந்தபட்சத் தொகை'யை மட்டும் கட்டினால் தாமதப் பதிவு விழாது. ஆனால் மீதிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி ஏறும். சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள், நிம்மதி.

கல்விக்கடன் இருந்தால் உங்கள் வரலாறு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அந்தத் தவணைதான் முதல் கவலையாக இருக்க வேண்டும். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டால் அவன் கடனும் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் ஏறும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இலவச அறிக்கை தர வேண்டும். வாங்கிப் படியுங்கள். வாங்காத கடன் தெரிந்தால் உடனே புகார் பதியுங்கள். 30 நாளுக்குள் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற ரிசர்வ் வங்கி விதி வழிசெய்கிறது.