சிறிய கல்லூரியில் மல்யுத்தம்: நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெறும் வழி

சிங்கப்பூரில் சிறிய கல்லூரி ஒன்றில் மல்யுத்தத்தை இணைப்பாட நடவடிக்கையாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் மறுப்பு அன்று. "பார்க்கலாம்" என்ற பதில்தான். அந்தப் "பார்க்கலாம்" ஓராண்டு, ஈராண்டு என்று நீண்டு, கேட்ட மாணவர்கள் படிப்பை முடித்துத் தேசிய சேவைக்குப் போன பிறகு தானாகவே மறைந்துவிடும். தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருந்தபோது நான் இந்தக் கோரிக்கையை இருமுறை வைத்தேன். முதல் முறை கைகூடவில்லை. இரண்டாம் முறை கைகூடியது. இடையில் நான் மாற்றிக்கொண்டவற்றை, இதே முயற்சியில் இறங்கவிருக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர் தலைவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

முதல் முறை நான் கொடுத்த திட்ட அறிக்கை 12 பக்கம். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்ற பெயர் வந்த கதையில் அது தொடங்கியது. ஆமூர் மல்லனைச் சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஒரு காலை மார்பிலும் மறு காலை முதுகுப்புறத்திலும் மடக்கி வீழ்த்தியதைச் சங்கப் புலவர் பாடியதையும், 1947இல் சிங்கப்பூருக்கு வந்த தாரா சிங் கிரேட் வேர்ல்டு அரங்கில் பயிற்சி பெற்று, பின்னாளில் கிங் காங் என்ற மல்லருடன் மோதிப் புகழ்பெற்றதையும் விரிவாக எழுதியிருந்தேன். அவை யாவும் உண்மை. இன்றும் எனக்குப் பெருமிதம் தருபவை. ஆனால், துணை முதல்வர் பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, கூட்டத்திற்கு அழைக்கப்பட்டிருந்த விளையாட்டு மண்டபப் பொறுப்பாளரைப் பார்த்தார். அறுபது வயதைத் தாண்டிய அந்த அண்ணன் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, அந்தப் பாயை யாரு போடுறது, யாரு துடைக்கிறது?" 12 பக்கங்களில் அதற்கு விடை இல்லை. கூட்டம் அத்துடன் முடிந்தது.

ஆகவே, மரபுப் பெருமையை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியாக வைத்துக்கொண்டு, மண்டபத்திலிருந்து தொடங்குங்கள். அனைத்துலகப் போட்டிக்குரிய பாய் 12 மீட்டருக்கு 12 மீட்டர்; அதன் நடுவில் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திற்குள்தான் போட்டி நடக்கும். அந்த அளவைக் கேட்டால், பூப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் மணிக்கணக்கில் பங்கு போடப்பட்டிருக்கும் மண்டபத்தில் இடமே கிடைக்காது. பயிற்சிக்கு அவ்வளவும் தேவையில்லை. பூப்பந்துக் களம் ஒன்றின் அளவு 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். அந்தக் கோடுகளுக்குள்ளேயே 12 மீட்டருக்கு 6 மீட்டர் பாய் அடங்கிவிடும். தொடக்கநிலை மாணவர் இணை ஒன்றுக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் என்று ஒதுக்கினால், ஒரே நேரத்தில் 8 இணைகள், அதாவது 16 பேர் பயிற்சி செய்யலாம். அதே களத்தில் இரட்டையர் பூப்பந்து ஆடுவோர் 4 பேர்தான். இரண்டாம் முறை நாங்கள் இதை எழுத்தில் மட்டும் சொல்லவில்லை. காலியாக இருந்த ஒரு புதன்கிழமைக் காலையில், தரையில் காகித ஒட்டுநாடாவால் எட்டுக் கட்டங்களைக் குறித்து, ஒவ்வொரு கட்டத்திலும் இருவரைத் தோளோடு தோள் பிடித்து நிற்கவைத்து, மண்டபத்தின் மாடத்திலிருந்து எடுத்த நிழற்படத்தை அறிக்கையின் முதல் பக்கத்தில் வைத்தோம். இடம் பற்றிய கேள்வி பிறகு எழவே இல்லை.

புதிய மல்யுத்தப் பாயைத் தொடக்கத்திலேயே வாங்கித் தரும்படி கேட்பது தேவையற்றது என்பது என் கருத்து. கல்லூரியில் ஜூடோ குழு இருந்தால் அவர்களிடம் 1 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுள்ள பாய்கள் இருக்கும். 36 பாய்கள் சேர்ந்தால் மேற்சொன்ன பரப்பு வந்துவிடும். ஜூடோ பாய் சற்றுக் கடினமானது; பாய்களுக்கிடையே விரிசல் விழுந்தால் கால்விரல் சிக்கிக்கொள்ளும். எனவே, சோதனைக் காலத்தில் எறிதல் பிடிகளைத் தவிர்த்து, நிற்கும் நிலை, கால்பிடி, தரைப்பிடி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதாகவும், நிரந்தர ஒப்புதல் கிடைத்த பின்னரே வழுவழுப்பான மேலுறையுள்ள மல்யுத்தப் பாய்க்கு நிதி கேட்பதாகவும் எழுதிக் கொடுங்கள். ஜூடோ குழுவின் பயிற்றுவிப்பாளரை அறிக்கை எழுதுவதற்கு முன்பே நேரில் சந்தித்துவிடுங்கள். தம் பாய் தம்மைக் கேட்காமல் பங்கிடப்படுவதாக அவர் நினைத்துவிட்டால், உங்களுக்கு வலுவான எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும்.

துடைப்பது பற்றிய கேள்விக்கு நான் தனியாக ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மல்யுத்தத்தில் தோலோடு தோல் உரசுகிறது. நம் ஊரின் புழுக்கத்தில், வியர்வை காயாத பாயில் படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றும், கொப்புளம் உண்டாக்கும் கிருமித் தொற்றும் எளிதில் பரவும். அதனால், ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னும் பின்னும் கிருமிநாசினி கலந்த நீரால் பாயைத் துடைக்க வேண்டும். அழுக்கு நீருக்கு வேறு வாளி வைக்க வேண்டும். பாயில் அணியும் காலணியோடு எவரும் கழிப்பறைக்குப் போகக் கூடாது. நகம் வெட்டியிருக்கிறதா, தோலில் புண்ணோ தடிப்போ இருக்கிறதா என்று பயிற்சிக்கு முன் பார்த்து, இருந்தால் அன்று அவரைப் பாயில் ஏற்றக் கூடாது. இவற்றை எழுதியதோடு நில்லாமல், நாங்கள் கடிகாரம் வைத்துச் செய்தும் பார்த்தோம். ஆறு மாணவர்கள் 36 பாய்களை விரிக்க 9 நிமிடமும், இருவர் அவற்றைத் துடைக்க 11 நிமிடமும் ஆயின. எந்த வாரம் யார் என்ற முறைப்பட்டியலை, மண்டபப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே காட்டி அவர் சொன்ன திருத்தங்களோடு அறிக்கையில் இணைத்தோம். கிருமிநாசினியைத் தம் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவரே முன்வந்து சொன்னார்.

பயிற்றுவிப்பாளர்தான் ஆண்டுதோறும் தொடரும் பெரிய செலவு. வாரம் இருமுறை, முறைக்கு 2 மணி நேரம், 10 வாரம் என்றால் 40 மணி நேரம். அந்த 40 மணி நேரத்திற்கான விலைப்புள்ளியை எழுத்து மூலம் பெற்று இணைத்துவிடுங்கள். பயிற்றுவிப்பாளரைச் சிங்கப்பூர் மல்யுத்தச் சம்மேளனத்தின் வழியாகத் தேடுவது நல்லது. அவருடைய பெயர் தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவகத்தில் இருக்கிறதா, முதலுதவிச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாணவியர் சேரவிருந்தால், பயிற்சியின்போது பெண் ஆசிரியர் அல்லது பெண் பயிற்றுவிப்பாளர் ஒருவர் எப்போதும் உடன் இருப்பார் என்றும், இணை சேர்ப்பது பாலினத்தையும் எடையையும் ஒட்டியே நடக்கும் என்றும், உடலை முழுதும் மறைக்கும் பயிற்சி உடை அனுமதிக்கப்படும் என்றும் தெளிவாக எழுதுங்கள்.

இனி எடை. போட்டிகள் எடைப்பிரிவு வாரியாக நடப்பதால், நிர்வாகத்தில் ஒருவரேனும் இதைக் கேட்பார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவின் இறுதிப்போட்டி நாளன்று 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கப்பட்ட செய்தி நம் வீடுகள் எல்லாவற்றிலும் பேசப்பட்டது. அதைவிடக் கடுமையான பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1997ஆம் ஆண்டின் இறுதியில், சில வாரங்களுக்குள், எடையை வேகமாகக் குறைக்க முயன்ற மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே அங்கு வியர்க்கவைக்கும் ரப்பர் உடைகளும் வெப்ப அறைகளும் தடைசெய்யப்பட்டு, எடை விதிகள் இறுக்கப்பட்டன. இதை மறைக்காமல் எழுதுங்கள். எழுதிவிட்டு, உங்கள் குழுவில் எவரும் முதல் ஆண்டில் எடை குறைக்க அனுமதிக்கப்பட மாட்டார் என்றும், அவரவர் இயல்பான எடையிலேயே போட்டியிடுவார் என்றும் விதியாக அறிவியுங்கள். இந்த ஒரு விதியில் நான் எந்த விட்டுக்கொடுத்தலையும் ஏற்கமாட்டேன். பதின்ம வயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பதக்கத்திற்காகப் பட்டினி போடும் குழு கல்லூரியில் இருக்கவே கூடாது.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் "வேறு விளையாட்டுகள் இருக்க மல்யுத்தம் எதற்கு?" என்ற கேள்விக்கு வரவேண்டும். "ஒழுக்கம் வளரும், தன்னம்பிக்கை வளரும்" என்று எழுதினால், எல்லாக் குழுக்களும் அதையே எழுதியிருப்பதால் அது எடுபடாது. மல்யுத்தத்திற்கே உரியதைச் சொல்லுங்கள். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான கட்டற்ற பாணி, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாத கிரேக்க-ரோமானிய பாணி, பெண்களுக்கான கட்டற்ற பாணி என மூன்றிலும் ஆறு ஆறு எடைப்பிரிவுகள், ஆக 18 பிரிவுகள் உள்ளன. ஆண்களின் கட்டற்ற பாணி 57 கிலோவில் தொடங்கி 125 கிலோ வரை போகிறது. பெண்களுக்கு 50 முதல் 76 வரை. கூடைப்பந்துத் தேர்வில் உயரம் போதாமல் திரும்பிய மாணவனுக்கும், எந்த விளையாட்டிலும் ஓட முடியாது என்று ஒதுங்கி நின்ற கனத்த உடலுள்ள மாணவனுக்கும் இங்கே தமக்கென ஓர் இடம் உண்டு. எங்கள் முதல் 16 பேரில் 9 பேர் அதற்கு முன் எந்த விளையாட்டுக் குழுவிலும் இருந்ததில்லை. அந்த எண்ணிக்கையைக் கண்டதும் துணை முதல்வர் பேனாவை எடுத்துக் கோடிட்டதை நான் பார்த்தேன். உங்கள் பெயர்ப்பட்டியலிலும் இந்தக் கணக்கை எடுங்கள். விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தால் போதும்.

"யாருடன் போட்டியிடுவார்கள்?" என்பது நியாயமான ஐயம். சிங்கப்பூருக்கு இந்த விளையாட்டு அந்நியமன்று. 2010இல் இங்கு நடந்த முதல் இளையர் ஒலிம்பிக்கில் மல்யுத்தம் இருந்தது. 2016இல் காமன்வெல்த் மல்யுத்த வெற்றியாளர் போட்டியும் இங்கேயே நடந்தது. தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் பிலிப்பீன்ஸ் (2019), வியட்நாம் (2022), கம்போடியா (2023) எனத் தொடர்ந்து மல்யுத்தம் இடம்பெற்றது. அதே சமயம், 2015இல் நாமே ஏற்று நடத்திய போட்டிகளின் 36 விளையாட்டுகளில் அது இல்லை என்பதையும், 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகளின் பட்டியலில் அது விடுபட்டிருப்பதையும் நீங்களே எழுதிவிடுங்கள்; பிறர் சொல்லிக் கேட்பதைவிட அது நல்லது. 2013 பிப்ரவரியில் ஒலிம்பிக் நிர்வாகக் குழு மல்யுத்தத்தை 2020இலிருந்து விலக்கப் பரிந்துரைத்தது. விதிகளும் நிர்வாகமும் திருத்தப்பட்டபின், அதே ஆண்டு செப்டம்பரில் அது மீண்டும் சேர்க்கப்பட்டது. கல்லூரி அளவில், முதல் ஆண்டுக்கு வெளிப்போட்டி எதையும் உறுதி கூறாதீர்கள். குழுவுக்குள் நடக்கும் போட்டியும், மல்யுத்தப் பயிற்சியகங்களோடு ஒரு நட்புமுறைச் சந்திப்பும் போதுமானவை. மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்றுகள் என்பதால், 16 பேருக்கான உட்போட்டியை ஒரே மாலையில் நடத்தி முடித்துவிடலாம்.

அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் எடுத்துக்காட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அங்கே மல்யுத்தக் குழு தொடங்கினால் அதற்காகவே முப்பது நாற்பது மாணவர்கள் கட்டணம் செலுத்திச் சேர்வார்கள் என்பதுதான் பல சிறு கல்லூரிகளின் கணக்கு. நம் பல்துறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொடக்கக் கல்லூரிகளிலும் சேர்க்கை அவ்வாறு நடப்பதில்லை. ஆகவே அந்த வாதத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அங்கிருந்து எடுக்கத் தக்கது பெண்கள் மல்யுத்தத்தின் வளர்ச்சி ஒன்றுதான். 2004 ஏதென்ஸில் ஒலிம்பிக்கில் நுழைந்த அந்தப் பிரிவுக்கு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2025இல் தேசிய வெற்றியாளர் போட்டி நடத்தப்படும் விளையாட்டு என்ற தகுதியை அளித்தது.

பெற்றோர் கூட்டத்தை ஒப்புதலுக்கு முன்பே நடத்திவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்து, "சார், காது பூரி மாதிரி வீங்கிப்போகும்னு சொல்றாங்களே, என் மக நாளைக்குக் கல்யாண மேடையில உக்கார வேண்டாமா?" என்று கேட்டார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனெனில் அது முறையான கேள்வி. காதில் திரும்பத் திரும்ப அடிபட்டு, தேங்கிய இரத்தம் வடிக்கப்படாமல் இறுகுவதால்தான் அந்த வீக்கம் நிலைத்துவிடுகிறது என்று விளக்கி, மேசையில் வைத்திருந்த காதுக் காப்பை அவரிடம் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, வாரை இழுத்துப் பார்த்து, பக்கத்தில் இருந்த மகளின் தலையில் மாட்டி, இரு கட்டைவிரல்களாலும் அதன் கிண்ணங்களை அழுத்திப் பார்த்தார். பிறகு, "இத ஒவ்வொரு நாளும் போட்டுக்குவாளா?" என்றார். பயிற்சி விதிகளில் காதுக் காப்பு கட்டாயம் என்ற வரியைக் காட்டினேன். அன்றே கையொப்பமிட்டார்.

கோரிக்கை இப்போது நிரந்தரக் குழுவுக்கானதாக இருக்க வேண்டாம். 10 வாரச் சோதனை, 16 மாணவர்கள், இரவல் பாய், 40 மணி நேரப் பயிற்றுவிப்புச் செலவு: இவ்வளவே. எந்த நிலை ஏற்பட்டால் குழுவை நீங்களே கலைத்துவிடுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். வருகை பாதிக்குக் கீழே விழுந்தாலோ, தோல் தொற்று இருவருக்கு மேல் பரவினாலோ பயிற்சி நிறுத்தப்படும் என்று நாங்கள் எழுதியிருந்தோம். அறிக்கை நான்கு பக்கத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனை தொடங்கிய முதல் நாளிலிருந்தே வருகை, காயம், பாய் துடைப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு வைத்து, ஒன்பதாம் வாரத்தில் அவற்றின் படிகளைத் துணை முதல்வருக்கு அனுப்பிவிட்டு, பத்தாம் வாரத்தின் உட்போட்டிக்கு அவரையும், ஜூடோ பயிற்றுவிப்பாளரையும், மண்டபப் பொறுப்பாளரையும், கையொப்பமிட்ட பெற்றோரையும் அழையுங்கள். நிரந்தர ஒப்புதலுக்கான கடிதத்தை அன்று கொடுக்காமல், அதற்கு அடுத்த வேலை நாளன்று காலையில் கொடுங்கள்.