‘கோ’ வினையில் நாம் இடறும் இடங்கள்

ஆங்கிலத்தில் ‘கோ’ என்றால் போ. ஒன்றாம் வகுப்புப் பாடம், இதில் தவறு செய்ய என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட இந்த மாதிரிச் சின்ன வினைகளில்தான் தடுமாறுகிறார்கள். ‘கோ’வும் ‘போ’வும் முக்கால்வாசி தூரம் சேர்ந்தே நடக்கும். பிரிகிற இடத்தைக் கவனிக்காமல் நாம் தமிழ் வழியிலேயே போய்விடுகிறோம்.

அடிக்கடி காதில் விழுவது ‘டிட் யூ வென்ட்?’, ‘ஐ டிட் நாட் வென்ட்’. இரண்டும் தவறு. இறந்தகாலத்தை ‘டிட்’ சொல்லிவிடுகிறது, அதன் பின்னால் வெறும் ‘கோ’தான் வரவேண்டும். மறுத்துச் சொல்லும்போது தமிழும் இப்படித்தான் செய்கிறது. ‘போகவில்லை’ என்கிறோம், ‘போனவில்லை’ என்று யாரும் சொல்வதில்லை. கேள்வியில்தான் தமிழ் காலை வாரிவிடும். ‘போனாயா?’ என்பதில் காலம் வினைக்குள்ளேயே இருப்பதால், அந்தப் பழக்கத்தில் ‘வென்ட்’ வந்து ஒட்டிக்கொள்கிறது.

சரி, ‘கோ’வுக்கும் ‘வென்ட்’டுக்கும் ஒலியில் ஓர் ஒட்டும் இல்லையே? உண்மையில் உறவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘கோ’வின் இறந்தகாலமாக ‘ஏயொடெ’ என்ற வேறொரு சொல் இருந்தது. அது மெல்ல வழக்கொழிந்தது. திரும்பு, வழி பிடித்துப் போ என்ற பொருளில் ‘வெண்ட்’ என்று இன்னொரு வினை உண்டு. அதன் கடைசி எழுத்து ‘டி’. அதன் இறந்தகாலம்தான் ‘வென்ட்’. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்து ஆங்கிலத்தில் இது ‘கோ’வின் பக்கம் வந்து நிலைத்துவிட்டது. கடன் கொடுத்த வினை பாவம், தனக்கென்று ‘வெண்டெட்’ என்று ஒன்றைச் செய்துகொண்டது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ‘கோ’வோடு வழக்கமான இறந்தகால விகுதி ‘இடி’ சேர்த்து ‘கோட்’ என்பார்கள். விதிப்படி பார்த்தால் குழந்தை சொல்வதுதான் நியாயம்!

‘வென்ட்’டைவிட எனக்குப் பெரிய தவறாகப் படுவது ‘கான்’, ‘பீன்’ குழப்பம். இலக்கணம் சரியாக இருக்கும், சொல்லும் செய்தி மாறிப்போகும், அதனால்தான். சென்னையில் நேர்முகத் தேர்வுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் டு சிங்கப்பூர்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு ஆள் இப்போது சிங்கப்பூரில் இருப்பதாகத்தான் முதலில் படும். போய்த் திரும்பிவிட்டவர் சொல்ல வேண்டியது ‘ஐ ஹேவ் பீன் டு சிங்கப்பூர்’. காரணம் தமிழில் இருக்கிறது. ‘அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார்’ என்றால் இப்போது அங்கே இருக்கிறார் என்றும் கொள்ளலாம், எப்போதோ ஒரு முறை போய் வந்திருக்கிறார் என்றும் கொள்ளலாம். இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம். ஆங்கிலம் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆபீசில் மேலாளர் எங்கே என்று கேட்டு ‘ஹி ஹேஸ் கான் டு த பேங்க்’ என்று பதில் வந்தால் அவர் இன்னும் திரும்பவில்லை. ‘ஹேஸ் பீன்’ என்றால் வேலை முடித்து வந்துவிட்டார்.

அப்புறம் ‘டு’ தொல்லை. ‘வீட்டுக்கு’, ‘அங்கே’, ‘வெளிநாட்டுக்கு’ என்று பழகிய வாய் ‘கோ டு ஹோம்’, ‘கோ டு தேர்’, ‘கோ டு அப்ராட்’ என்று சொல்லிவிடும். மூன்றிலும் ‘டு’ வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்பதன் இரண்டாம் வேற்றுமை வடிவமே ‘வீட்டை நோக்கி’ என்ற பொருளைத் தந்தது. அந்த வழக்கம் இந்த ஒரு சொல்லில் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. ஆனால் ‘மை’ சேர்ந்தால் ‘கோ டு மை ஹோம்’ சரி. பள்ளிக்கூட விஷயத்தில் ‘த’வைக் கவனிக்க வேண்டும். படிக்கப் போகிற பிள்ளை ‘கோஸ் டு ஸ்கூல்’, கட்டணம் கட்டப் போகிற அப்பா ‘கோஸ் டு த ஸ்கூல்’.

‘கோ ஃபார் ஷாப்பிங்’ என்பதும் நம் ஊர்ச் சரக்கு. ‘கோ ஷாப்பிங்’, ‘கோ ஸ்விம்மிங்’ போதும். அந்தக் காலத்தில் ‘கோ எ ஃபிஷிங்’ என்பார்கள். அந்த ‘எ’, ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல் தேய்ந்த மிச்சம், பிறகு அதுவும் உதிர்ந்தது. ‘கோ ஃபார் எ வாக்’ மட்டும் வேறு கணக்கு, அங்கே ‘வாக்’ பெயர்ச்சொல்.

‘மழை பெய்யப் போகிறது’ என்பதும் ‘இட் இஸ் கோயிங் டு ரெய்ன்’ என்பதும் அச்சு அசல் ஒரே அமைப்பு, எனவே இங்கே பயமில்லை. ‘வில் கோயிங் டு’ என்று இரண்டு எதிர்காலத்தைக் கட்டாமல் இருந்தால் சரி. விடைபெறும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்ற நினைப்பில் ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்கிறோமே, அதை நமக்குள் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார். ‘சீ யூ’ போதும்.

கடைசியாக, கெட்டுப்போகிற ‘கோ’. பால் திரிந்தால் ‘த மில்க் ஹேஸ் கான் பேட்’. முடி கொட்டினால் ‘ஹி வென்ட் பால்ட்’. கடை திவாலானால் ‘வென்ட் பேங்க்ரப்ட்’. ‘புளித்துப்போச்சு’, ‘உடைந்துபோச்சு’ என்று நாம் ‘போ’வைத் துணைவினையாக்குவது போலவே, ஆங்கிலத்திலும் இது பெரும்பாலும் மோசமான பக்கம் திரும்பும் மாற்றத்துக்குத்தான் வரும். இந்த ஒற்றுமையை நம்பி ‘களைத்துப்போனேன்’ என்பதை ‘ஐ வென்ட் டயர்ட்’ என்று சொல்லிவிடக் கூடாது, அது ‘காட் டயர்ட்’. வயதாவதும் அப்படியே, ‘கெட் ஓல்ட்’. உடம்பு முடியாமல் போனால் ‘ஃபெல் இல்’. கரண்ட் போனால் ‘கரண்ட் வென்ட்’ அல்ல, ‘த பவர் வென்ட் அவுட்’.