உதவி லோகோ பைலட் தேர்வு: கோட்டை விடும் இடங்கள்

புத்தகம் வாங்கும் முன் கண் மருத்துவரிடம் போங்கள். ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) தேர்வுக்கு ஏ-1 என்ற மருத்துவத் தரம் வேண்டும். கண்ணாடி போடாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை, நிறக்குருடு இல்லாமை, இரவுப் பார்வை என எதிலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். லேசிக் செய்தவர்களுக்கு இந்தப் பணிக்குத் தகுதி கிடையாது. பார்வைக் குறையைச் சரிசெய்ய வேறு அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் இதே நிலைதான்.

பலரும் கேள்விப்படாத சோதனை ஒன்று உண்டு. +2 பவர் லென்ஸைக் கண்முன் வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். அப்போதும் 6/6 வரி தெளிவாகத் தெரிந்தால் தேர்ச்சி இல்லை. மறைந்திருக்கும் தூரப்பார்வைக் குறையை இளம் வயதில் கண் தன் தசையை இறுக்கிச் சமாளித்துவிடும். வயது ஏறினால் அது முடியாது. அதனால் "எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறதே" என்ற நம்பிக்கையில் விண்ணப்பிக்க வேண்டாம். இந்தச் சோதனையையும், புள்ளிகளுக்குள் எண் தேடும் இஷிஹாரா நிறச் சோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். எல்லாத் தேர்விலும் ஜெயித்து மருத்துவத்தில் தவறினால் வேறு பணி தரமாட்டார்கள் என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கிறது.

அடுத்த தவறு, உழைப்பு முழுவதையும் முதல் கட்டக் கணினித் தேர்வில் கொட்டுவது. 60 நிமிடத்தில் 75 கேள்வி. அந்த மதிப்பெண் அடுத்த கட்டத்துக்கு ஆள் பொறுக்க மட்டுமே பயன்படும். இறுதிப் பட்டியலைத் தீர்மானிப்பது இரண்டாம் கட்டத்தின் பகுதி 'ஏ' 70 சதவீதம், கணினி வழித் திறனறித் தேர்வு 30 சதவீதம். பகுதி 'ஏ'வில் 100 கேள்விகள், 90 நிமிடம். அதில் அடிப்படை அறிவியல், பொறியியல் பகுதியிலிருந்தும் கேள்விகள் வருகின்றன. பொறியியல் வரைபடம், அலகுகள், நெம்புகோல், வெப்பம், மின்சாரம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு நடப்பு நிகழ்வுகளை மனப்பாடம் செய்பவர்கள், இறுதிப் பட்டியலைத் தீர்மானிக்கும் மதிப்பெண்ணைக் கைவிடுகிறார்கள்.

பகுதி 'பி' உங்கள் டிரேடு, அதாவது ஐடிஐ தொழிற்பிரிவு சார்ந்தது. 60 நிமிடம், 75 கேள்வி. இதில் 35 சதவீதம், அதாவது 26.25 மதிப்பெண் எடுத்தால் போதும். ஆனால் எந்தப் பிரிவினருக்கும் சலுகை இல்லை. இங்கே மாட்டிக்கொள்பவர்களில் டிப்ளமோ, பொறியியல் பட்டம் படித்தவர்களும் உண்டு. கேள்விகள் ஐடிஐ பாடத்திட்டத்திலிருந்து வருவதால், கல்லூரியில் தொடாத கருவி, இணைப்பு முறை, அளவீடு எல்லாம் கேட்கப்படும். விண்ணப்பத்தில் டிரேடைத் தேர்வு செய்வதற்கு முன் அந்த டிரேடின் ஐடிஐ பாடத்திட்டத்தை ஒரு முறை முழுதாகப் புரட்டிப் பாருங்கள்.

தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிவதால், கடைசி ஐந்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்துத் தள்ளுவதால் பயனில்லை. நான்கு விடைகளில் எதுவுமே தெரியாமல் குறித்தால் சராசரி லாபம் பூஜ்யம். இரண்டைத் தவறு என்று உறுதியாக நீக்க முடிந்தால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.33 மதிப்பெண் சேரும். அங்கே துணியலாம்.

எல்லாவற்றையும் விட மனம் வருந்த வைப்பது திறனறித் தேர்வில் நடப்பதுதான். நினைவாற்றல், வழிமுறைகளைப் பின்பற்றுதல், ஆழம் உணர்தல், கவனக் குவிப்பு, பார்த்தவுடன் அறியும் வேகம் என்று ஐந்து சோதனைகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக டி-ஸ்கோர் 42 வேண்டும். நான்கில் 70 எடுத்து ஒன்றில் 41 என்றாலும் வெளியேதான். டி-ஸ்கோர் என்பது மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு. சராசரியாக எழுதுபவருக்கு 50 வரும். அதனால் வலுவான சோதனையில் இன்னும் வலுவாவதை நிறுத்திவிட்டு, பலவீனமான ஒன்றுக்கு நேரம் கொடுங்கள். அடுக்கிய செங்கற்களில் ஒரு கல்லைத் தொட்டுக்கொண்டிருப்பவை எத்தனை என்று எண்ணும் ஆழம் உணர்தல் கேள்விகள் பலரைக் கவிழ்க்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் மறைந்த கல்லை விட்டுவிடுவார்கள். மேல், கீழ், பக்கம், பின் என்று ஒரே வரிசையில் எண்ணிப் பழகினால் இது குறையும். மாதிரிக் கேள்விகள் லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. என்ற ரயில்வே ஆராய்ச்சி நிறுவனத்தின் இணையதளத்தில் உளவியல் தொழில்நுட்பப் பிரிவின் கீழ் இருக்கின்றன. இந்தத் தேர்வில் நெகட்டிவ் மார்க் இல்லை. ஒன்றையும் விடாமல் குறியுங்கள். முதல் இரண்டு கட்டங்களைத் தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு விஷயம்: திறனறித் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். வழிமுறை வாக்கியங்களை ஆங்கிலத்தில் படித்துப் பழகாமல் போனால், அங்கேயே நேரம் கரைந்துவிடும். கண் மருத்துவர் கையெழுத்திட்ட பார்வைச் சான்றிதழை, அறிவிக்கையில் உள்ள படிவத்திலேயே, அசலாக எடுத்துச் செல்ல வேண்டும். இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள்.

சான்றிதழ் சரிபார்ப்பில் தமிழ்நாட்டுக்காரர்கள் சறுக்குவது இரண்டு இடங்களில். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது; மத்திய அரசுப் பணிக்கான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால், விண்ணப்பம் திறக்கும் முன்பே ஆதாரைத் திருத்திவிடுங்கள். கையெழுத்தைக் கேப்பிடல் எழுத்தில் போடாமல், எப்போதும் போடுவதுபோல் கூட்டெழுத்தில் போடுங்கள். ஒரே ஒரு வாரியத்துக்குத்தான் விண்ணப்பிக்கலாம். சென்னைக்கும் செகந்திராபாத்துக்கும் சேர்த்துப் போட்டால் இரண்டுமே தள்ளுபடியாகும்.

நேர்முகத் தேர்வுக்குக் கோட்டு தைப்பவர்களும் உண்டு. 2016 ஜனவரி 1 முதல் இந்த நிலைப் பணிகளுக்கு நேர்முகத் தேர்வே கிடையாது. இன்டர்வியூவில் மதிப்பெண் போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.