நாய் அடாவடி செய்கிறதா? நாம் செய்யும் தவறுகள்

எங்கள் சிப்பிப்பாறை நாய்க்கு இரண்டு வயதானபோது சாப்பாட்டு நேரத்தில் அதன் ராஜ்ஜியம்தான். இட்லித் தட்டோடு உட்கார்ந்தால் தொடையைப் பிறாண்டும். "டேய், போடா!" என்று தள்ளுவேன், இன்னும் உற்சாகமாகப் பாயும். தள்ளுவதும் திட்டுவதும்கூட அதற்கு விளையாட்டுதான் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"மல்லாக்கத் தள்ளி அமுக்கு, யார் தலைவன் என்று தெரியட்டும்" என்று யோசனை சொல்ல ஆள் நிறைய உண்டு. வேண்டவே வேண்டாம். 1947இல் ருடால்ஃப் ஷென்கல் எழுதிய ஓநாய் ஆய்விலிருந்து கிளைத்த எண்ணம் இது. அவர் பார்த்ததோ அடைத்து வளர்த்த ஓநாய்களை. கூட்டத் தலைவனைக் குறிக்கும் 'ஆல்ஃபா' என்ற சொல்லைப் பரப்பிய ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச்சே, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். அமுக்கினால் நாய்க்குப் பயம்தான் வரும், பயந்த நாய் கடிக்கும்.

உறுமியதற்காக அடிப்பதும் அப்படித்தான். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை சத்தமில்லாமல் பல் படும். சாப்பிடும்போது கிண்ணத்தில் கைவிட்டுச் சோதிக்காதீர்கள். குழந்தைகளைப் பார்த்து உறுமினால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

எங்கள் வீட்டுப் பெரிய தவறு தாத்தா. மற்றவர்கள் கண்டிப்பாக இருக்க, அவர் மட்டும் தோசை ஓரத்தைக் கிள்ளி மேசைக்கடியில் நீட்டுவார். பத்துத் தடவையில் ஒருமுறை கிடைத்தால் போதும், நாய் விடாது. லாட்டரி வாங்குகிறவர் மாதிரிதான்.

அதனால் வழியை மாற்றினோம். பாய்ந்தால் பேசாமல் திரும்பிக்கொள்வது, நாலு காலும் தரையில் இருந்தால் உடனே தடவிக்கொடுப்பது. உட்கார்ந்த பிறகுதான் சோறு, சங்கிலி, கேட் எல்லாம். ஆளுக்கொரு சொல் இல்லாமல் எல்லாரும் "உட்கார்" என்றே சொன்னோம்.

மூன்றாம் நாள் குரைப்பு இரட்டிப்பானது. பழைய தந்திரம் பலிக்காதபோது நாய் முதலில் இன்னும் பலமாகத்தான் முயலும். அம்மா "பாவம்டா" என்று பிஸ்கட் போட்டுவிட்டார். சத்தமாகக் குரைத்தால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து!

அப்புறம் இன்னொன்று: சிப்பிப்பாறை ஓடி வேட்டையாடும் இனம். பகலெல்லாம் கட்டிப்போட்டால் அடாவடி செய்யாமல் என்ன செய்யும்? காலையில் நன்றாக ஓடவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம் பலித்தது. தாத்தாவின் தோசை ஓரம் இப்போதும் உண்டு; எல்லாரும் கைகழுவிய பிறகு அதன் கிண்ணத்தில்.