ஹாலைத் தடுத்து ஓர் அறை: ஜிப்சம் போர்டு சுவரை நாமே போடலாம்

பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்தாலோ, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்தாலோ, பெரிய ஹாலைத் தடுத்து ஓர் அறை எடுக்கலாமா என்ற பேச்சு வரும். தாராளமாக எடுக்கலாம். தூணும் பீமும் போட்டுக் கட்டிய வீட்டில் இந்தத் தடுப்புச் சுவர் எதையும் தாங்க வேண்டியதில்லை. ஆனால் அதன் எடையைத் தளம் தாங்க வேண்டுமே, அதைத்தான் பலர் யோசிப்பதில்லை. 10 அடி உயரத்துக்கு நாலரை இஞ்ச் செங்கல் சுவர் எழுப்பி இருபுறமும் பூசினால், ஓரடி நீளத்துக்கே 200 கிலோவைத் தாண்டிவிடும். இரும்புத் தகட்டுச் சட்டத்தின் இருபுறமும், இரண்டு தாளுக்கு நடுவே ஜிப்சம் வைத்த போர்டை அடித்து எழுப்பும் அதே அளவு ஜிப்சம் சுவர் சுமார் 25 கிலோதான். அதனால் மாடியில், கீழே பீம் இல்லாத இடத்தில், பொறியாளரைக் கேட்காமல் செங்கல் வைக்காதீர்கள்.

10 அடிக்கு 10 அடி சுவர் என்று வைத்துக்கொள்வோம். 12.5 மி.மீ. கனத்தில் ஆறடிக்கு நாலடி போர்டு 10, தரைக்கும் கூரைக்கும் ஜி.ஐ. சேனல் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டுப் பள்ளச்சட்டம்), அதற்குள் நிற்க வைக்க ஸ்டட் என்ற தகட்டுக் கால் 6, கதவு வந்தால் இன்னும் இரண்டு. ஸ்டட்டை 70 மி.மீ. அகலத்தில் கேளுங்கள், மெல்லியதைப் போட்டால் இந்த உயரத்துக்குக் கதவை அறையும்போதெல்லாம் சுவர் அதிரும். மரச்சட்டத்தில் செய்யலாமா என்றால், கரையான் வரும் ஊரில் எதற்கு வம்பு?

முதலில் கோடு

இந்த வேலையில் பாதி கோடு போடுவதுதான், இதில் அவசரப்பட்டால் கடைசி வரை ஒன்றும் ஒட்டாது. சுவர் தொடங்கும் மூலையிலிருந்து பழைய சுவர் மேல் 3 அடி, புதுக் கோட்டில் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிக்கும் குறுக்கே டேப் பிடியுங்கள். சரியாக 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. தரையில் ஓடும் டைல்ஸ் கோட்டை நம்பிப் போடாதீர்கள், அது சுவருக்கு நேராக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அப்புறம் கூரையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டின் முனை தரைக்கோட்டில் நிற்கும்படி மேலே இரண்டு மூன்று இடத்தில் குறித்து, சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துத் தெறிக்க விட்டால் மேல்கோடு விழும்.

சேனலும் ஸ்டட்டும்

சேனலை இரண்டடிக்கு ஒன்றாக ராவல் பிளக் (துளையில் செருகும் பிளாஸ்டிக் குழல்), ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். டைல்ஸில் துளையிடும்போது ட்ரில்லின் ஹேமரை அணைத்து, குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி மெதுவாகத் தொடங்கவும், டைல்ஸைத் தாண்டிய பிறகு ஹேமர் போடலாம். கூரையில், ஃபேன் பாக்ஸிலிருந்து சுவருக்கு வயர் பைப் ஓடும் பாதையில் துளை வேண்டவே வேண்டாம். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம், சிமெண்ட் தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

ஸ்டட்டை உயரத்தைவிட 5 மி.மீ. குறைத்து வெட்டி, சாய்த்து நுழைத்துத் திருகினால் சேனலுக்குள் உட்காரும். இடைவெளி 2 அடி, எல்லாவற்றுக்கும் திறந்த பக்கம் ஒரே திசையில். டி.வி. அல்லது அலமாரி மாட்டப் போகும் இடத்தில் இரண்டு ஸ்டட்டுக்கு நடுவே 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை இப்போதே பொருத்திவிடுங்கள். வெறும் ஜிப்சம் போர்டு கனம் தாங்காது. கதவுக்கு இருபுற ஸ்டட்டுக்குள்ளும் மரச்சட்டம் செருகினால்தான் நிலையை முடுக்க முடியும்.

போர்டு

வெட்டுவது சுலபம். முன்பக்கத் தாளைக் கத்தியால் ஒரே இழுப்பில் கீறி, மேசை விளிம்பில் வைத்து அமுக்கினால் டக்கென்று ஒடியும், பின்தாளை அறுத்துவிட வேண்டியதுதான். கீழே 10 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள், வீடு துடைக்கும் தண்ணீரை போர்டு உறிஞ்சினால் அடி உப்பி உதிரும். ஆறடிப் போர்டு 10 அடிக்கு எட்டாது என்பதால் ஒரு வரிசையில் முழுப் போர்டு கீழே, அடுத்த வரிசையில் மேலே என்று மாற்றி வைத்து, குறுக்கு இணைப்பின் பின்னால் ஒரு துண்டு சேனல் கொடுக்கவும்.

25 மி.மீ. ஸ்க்ரூவை ஓரங்களில் எட்டு இஞ்சுக்கு ஒன்று, நடுவில் ஓரடிக்கு ஒன்று. தலை தாளைக் கிழிக்காமல் லேசாக உள்ளே அமுங்கி நிற்க வேண்டும். தாள் கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள்.

ஒரு பக்கம் மூடியதும் வயரிங், ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாம் எலக்ட்ரீஷியனை வைத்து முடித்துவிடுங்கள். சத்தம் குறைய வேண்டுமானால் ராக்வூல் என்ற பாறைநார்ப் பஞ்சை அடைக்கவும் இதுதான் நேரம், வெறும் கையால் தொடாதீர்கள், அரிக்கும். பிறகு மறுபக்கம்.

இணைப்புகளில் ஜாயிண்டிங் காம்பவுண்ட் (இணைப்பை நிரப்பும் பசை) தடவி, பேப்பர் டேப்பைப் பதித்து, காற்றுக் குமிழ் இல்லாமல் தகட்டால் வழித்துவிடுங்கள். காய்ந்ததும் இன்னும் அகலமாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மூன்றாவது. மழைக்காலம் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். அதைச் சரிசெய்துவிட்டுப் பிரைமர், பெயிண்ட், கீழ் இடைவெளியை மறைக்க ஸ்கர்ட்டிங்.