மொலாசஸ் கேட்கும் கேக்குக்குக் கருப்பட்டிப் பாகு

டிசம்பர் பிறந்தால் குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் என்னிடம் கேக் சொல்ல வருகிற பிள்ளைகள் ஒரு கேள்வியும் கொண்டு வருவார்கள். "அக்கா, வீடியோவுல மொலாசஸ் ஊத்தச் சொல்றாங்களே, அது எங்க கிடைக்கும்?" நான் சொல்வது ஒன்றுதான்: தேடி அலைய வேண்டாம், நல்ல கருப்பட்டி வாங்கிப் பாகு காய்ச்சுங்கள். ஆனால் மொலாசஸ் என்னவென்று தெரிந்துகொண்டு காய்ச்சினால்தான் பாகு சரியாக அமையும்.

சீனி ஆலையில் கரும்புச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து அழுக்கை நீக்கி, சுண்டக் காய்ச்சி, சீனி மணி பிடிக்க விடுவார்கள். மணியும் பாகுமாக இருப்பதை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் போட்டால் சீனி உள்ளே தங்கும், பாகு வெளியே வடியும். அந்தப் பாகுதான் மொலாசஸ். அதையும் திரும்பக் காய்ச்சிச் சீனி எடுப்பார்கள். மூன்றாம் தடவைக்குப் பிறகு மிஞ்சுவது கறுத்து, கசப்பேறி இருக்கும். அதில் ஏறக்குறைய பாதி இன்னமும் இனிப்புதான், ஆனால் மணி பிடிக்காது. சாராய ஆலைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போகிறது. நம் நாட்டில் பல ஆலைகள் சாற்றை வெளுக்கக் கந்தகப் புகையும் காட்டுகின்றன. அதனால் தீவனத்துக்கு விற்கிற கழிவுப்பாகை வாங்கி மாவில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

எங்கள் பக்கம் கரும்பு ஆலை கிடையாது, பனைதான். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கின அக்கானியை (வெளியூரில் பதநீர் என்பார்கள்) அம்மா விளையிலேயே (தோப்பிலேயே) அடுப்பு கூட்டிக் காய்ச்சுவாள். பொங்கி வருகிறபோது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவாள், நுரை அடங்கும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, உருண்டு வந்தால் இறக்கிக் கிளறிச் சிரட்டையில் ஊற்றுவாள். 10 லிட்டர் அக்கானிக்கு ஒரு கிலோவோ கொஞ்சம் கூடவோ கிடைக்கும். இதில் சீனி தனி, பாகு தனி என்று எதையும் பிரிப்பதில்லை. மொலாசஸில் இருக்கிற கருமையும் மணமும் லேசான கரிப்பும் கருப்பட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மணிமணியாக மினுங்கினால் சீனி கலந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன். நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் கொஞ்சம் கரிக்க வேண்டும். வெறும் தித்திப்பு மட்டும் என்றால் எனக்கு வேண்டாம்.

சரி, பாகுக்கு வருவோம். அரைக் கிலோ கருப்பட்டியைத் தட்டி, 200 மில்லி தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் கரையுங்கள். கொதிக்க விடாதீர்கள். கரைந்ததும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலும் சுண்ணாம்பும் அடியில் மண்டியாக உட்காரும். இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தால் கேக்கில் நறநறவென்று பல்லில் படும். தெளிவை மட்டும் கனமான உருளியில் சாய்த்து ஊற்றி அடுப்பேற்றுங்கள்.

கொதி வந்ததும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். இதுதான் முக்கியம். மொலாசஸ் எத்தனை நாள் வைத்தாலும் இளகியே இருக்கும், மணி பிடிக்கிற சீனியை ஆலையில் எடுத்துவிட்டார்களே. கருப்பட்டியில் அது அப்படியே இருப்பதால், வெறும் பாகு ஆறினால் அடியில் கற்கண்டு கட்டும். சூட்டில் புளிப்புச் சேர்ந்தால் சீனியில் ஒரு பங்கு உடைந்து, மணி பிடிப்பதைத் தடுக்கும். பனங்கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் அக்கானி புளிக்காமல் பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்குத்தான். அவர்களுக்கு மணி வேண்டும், நமக்கு வேண்டாம்.

நுரை ஏறினால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். வெப்பமானி இருந்தால் 107 டிகிரி செல்சியஸில் இறக்குங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டுச் சாயுங்கள்: வால் விட்டு மெல்ல நகர வேண்டும். விரலில் கம்பி இழுத்தால் முற்றிவிட்டது, இரண்டு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். ஆறியதும் தேன் பதத்தில் நிற்கும். சுமார் 600 கிராம் தேறும்.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். குமிழ் விட்டுக் கள் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள்.

மொலாசஸ் சொன்ன அளவுக்கே இதையும் ஊற்றலாம், ஒரு கப் என்றால் ஒரு கப். ஆனால் இரண்டு மாற்றம் வேண்டும். இது மொலாசஸைவிட இனிப்பு, எனவே சீனியை ஒரு பிடி குறையுங்கள். அப்புறம், மொலாசஸின் புளிப்புதான் சோடா உப்பைப் பொங்க வைக்கிறது. நம் பாகில் அவ்வளவு புளிப்பு கிடையாது. ஒரு கப் பாகுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ வினிகரோ மாவில் சேருங்கள், கேக் எழும்பும். பிரவுன் ஷுகர் கேட்டால் 200 கிராம் சீனியில் ஒரு மேசைக்கரண்டி பாகு விட்டு விரலால் பிசிறினால் முடிந்தது.

மிஞ்சிய பாகை உளுந்தங்களிக்கு நல்லெண்ணெயோடு ஊற்றுங்கள், சுக்குக் காப்பியில் கலக்குங்கள். ஓலைக் கொழுக்கட்டைக்கு மட்டும் வேண்டாம். மாவு இளகி ஓலையில் ஒட்டிக்கொள்ளும், அதற்குக் கருப்பட்டியைச் சீவித்தான் போட வேண்டும்.